"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்!

(நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், மருத்துவமனையின் மூளை அலைப் பரிசோதனைப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த மணலிச் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. வீட்டுக் கதையும் கலந்திருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் படிக்கவும், குழுக் கூட்டங்களில் வாசித்துக் காட்டவும் வெளியிடுகிறோம்.)



சந்தா, உள்கடன், வட்டி என்று பேசுகிற இடத்தில் மூளைக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன், கை தூக்குங்க. உங்க வீட்டில் 80 வயசு தாண்டின ஆயாவோ தாத்தாவோ யாருக்கெல்லாம் இருக்காங்க? பதினோரு கை. சரி. அதில், "எங்க ஆயாவுக்கு இப்ப நிதானம் இல்ல, ஏதேதோ பேசுது" என்கிறவங்க மட்டும் கையை இறக்காதீங்க. ஆறு கை. அந்த ஆறு வீட்டுக்காகத்தான் நான் பேச வந்தேன். மத்தவங்களும் கேளுங்க. நாளைக்கு நமக்கும் வயசாகும்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் சீட்டு எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஈ.ஈ.ஜி என்கிற மூளை அலைப் பரிசோதனை எடுக்கிற டெக்னீஷியன். பச்சைக் குழந்தையிலிருந்து 90 வயசு தாண்டியவர்கள் வரை ஆயிரக்கணக்கான தலைகளைத் தொட்டுப் பார்த்த கை இது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மூளையில் அலையா?

நமக்கு அலை என்றால் எண்ணூர் கடல்தான் ஞாபகம் வரும். மூளைக்குள்ளும் அலை உண்டு. ஆனால் அது மின்சார அலை. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது மிகச் சின்ன மின்சாரத்தால். ஏராளமான செல்கள் ஒரே தாளத்தில் வேலை செய்யும்போது, அந்த மின்சாரம் ஏறி இறங்குவதைத் தலைக்கு மேலேயே பதிவு செய்யலாம். எவ்வளவு மின்சாரம் தெரியுமா? டார்ச் லைட்டில் போடுகிற ஒரு பேட்டரிக் கட்டையில் இருப்பதில் ஏறக்குறைய 30,000ல் ஒரு பங்கு!

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924ல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து இதைப் பதிவு செய்தார். 1929ல் உலகத்துக்கு அறிவித்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது ஒரு நொடிக்குப் பத்து தடவை போல ஏறி இறங்குகிற அலை ஒன்று வருகிறது, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது என்று அவர் கண்டார். அதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர். தலையின் பின்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும்.

பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாங்க. தலையில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, 21 சின்ன உலோகக் கிண்ணங்களை ஒட்டுவோம். கண்ணை மூடுங்க, திறங்க என்போம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எத்தனையோ ஆயாக்கள் "எனக்குக் கரண்ட் வெக்காதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இதில் கரண்ட் வைப்பதே இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி, மெஷின் மூளையைக் கேட்கிறது. அவ்வளவுதான். வலியும் கிடையாது, ஊசியும் கிடையாது.

வயசானால் அலை என்ன ஆகும்?

இதுதான் இன்றைக்கு முக்கியமான விஷயம். நம்மில் பலர் நினைப்பது என்ன? 85 வயசு ஆகிவிட்டால் மூளை தேய்ந்துவிடும், புத்தி தடுமாறத்தான் செய்யும் என்று. ஆனால் மெஷின் அப்படிச் சொல்வதில்லை.

இளம் வயதில் ஆல்ஃபா அலை நொடிக்குச் சுமார் 10. வயதான பிறகு அது கொஞ்சம் மெதுவாகும், 9 ஆகலாம். ஆனால் ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்கு 80, 90 வயதிலும் நொடிக்கு 8க்குக் கீழே பொதுவாகப் போவதில்லை. சிலருக்குக் காதுக்கு மேல்பக்கம் இடையிடையே மெதுவான அலை தலைகாட்டும். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டார்கள். விழித்திருக்கும்போது பின்பக்க அலையே நொடிக்கு 5, 6 என்று இறங்கிவிட்டால் மட்டும் ஒன்று புரிந்துகொள்ளணும். அது வயசின் வேலை இல்லை. உடம்பிலோ மூளையிலோ ஏதோ கோளாறு இருக்கிறது.

நம் பக்கத்து ஊரான பெங்களூரிலேயே இதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் சுப்ரதிம் ராய் குழுவினர், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 200க்கும் அதிகமானோரை உட்கார வைத்து, திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி மூளை அலையைப் பதிவு செய்தார்கள். அப்படிப் பார்க்கும்போது காமா என்ற வேகமான அலை வரும், நொடிக்கு 20க்கும் மேலே. ஆரோக்கியமானவர்களுக்கும் வயது கூடக் கூட இந்த அலை கொஞ்சம் வலு குறைகிறது என்று 2020ல் வெளியிட்டார்கள். மறதி நோய் தொடங்கியவர்களுக்கு, அதே வயதுள்ள மற்றவர்களைவிட இன்னும் வலு குறைவாக இருக்கிறது என்று 2021ல் சொன்னார்கள். இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. வயசு வேறு, நோய் வேறு. இரண்டும் ஒன்றில்லை.

என் வீட்டில் நடந்தது

இவ்வளவு தெரிந்த நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு அப்போது 86 வயசு. காலையில் எழுந்து வாசல் தெளித்து, கீரை ஆய்ந்து, பேப்பர்காரரிடம் பாக்கிச் சில்லறையைக் கணக்காகக் கேட்டு வாங்குகிறவர். ஒரு கத்திரி வெயிலில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரு தடவை வாந்தி. மூன்றாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து இல்லாத துணியை மடிக்க ஆரம்பித்தார். "குழந்தைங்க இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரல" என்று கதவைத் திறக்கப் போனார். அவர் சொன்ன குழந்தையில் ஒருத்தர் என் வீட்டுக்காரர், 58 வயசு. பகலில் கண்ணைத் திறக்காமல் தூங்கினார். ராத்திரி மறுபடியும் அதே கூத்து.

அக்கம்பக்கத்தில் ஒருத்தர், "காத்து கருப்பு பட்டிருக்கும், வேப்பிலை அடிங்க" என்றார். இன்னொருத்தர், "கெடவிக்குப் புத்தி பிசகிடுச்சு, இனிமே அப்படித்தான் இருக்கும், கதவைப் பூட்டி வெச்சுக்க" என்றார். ஒரு கிளினிக்கில் காட்டினோம். "86 வயசும்மா, வயசானா அப்படித்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டு ஆயாவுக்குத் தெரிந்த நியாயம், நம் வீட்டு மாமியாருக்கு மறந்துபோச்சு. வேலைக்குப் போன களைப்பு, ராத்திரி தூக்கம் இல்லாத எரிச்சல். உண்மையைச் சொல்லணும் இல்லையா?

நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. குழுவில் அவசரக் கடன் வாங்கிக்கொண்டு ஆட்டோ வைத்துப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 135லிருந்து 145க்குள் இருக்கணும். அவருக்கு 117. பிரஷருக்காகக் கொடுத்த, சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை ஒரு காரணம். அதோடு வெயில், வாந்தி, உப்பில்லாத கஞ்சி எல்லாம் சேர்ந்துகொண்டது. ஈ.ஈ.ஜியும் எடுக்கச் சொன்னார்கள். என் கையாலேயே ஒட்டினேன். அலை நொடிக்கு 5. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நாளாகப் பைத்தியம் என்று நினைத்தது, அரைத் தூக்கத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த மூளையை.

மாத்திரையை மாற்றி, உப்பை மெதுவாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாம். அதனால் இதை வீட்டில் யாரும் உப்புக் கரைசல் கொடுத்துச் சரி செய்துவிடலாம் என்று நினைக்காதீங்க. ஒரு வாரத்தில் ஆளை அடையாளம் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி ஈ.ஈ.ஜி எடுத்தேன். "இன்னாமா இது, தலையில இவ்ளோ ஒயரு? சீயக்காய் போட்டாலும் போகாது போலயே இந்தப் பசை" என்று திட்டினார். அலை 8க்கு மேலே, அழகாக ஓடியது. அந்தத் திட்டு மாதிரி இனிமையான பேச்சை நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் கீரை ஆய்ந்துகொண்டுதான் இருந்தார்.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் சொந்த ஆயாவும் திடீரென்று இப்படித்தான் பேச ஆரம்பித்தார். அப்போது யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவில்லை. பின்கட்டு ரூமில் வைத்துப் பூட்டினார்கள். ஜன்னல் வழியாகத் தட்டு கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். அவருக்கு என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை ஒரு வாரத்து மாத்திரையில் சரியாகியிருக்கும். மாமியாருக்கு மெஷினில் அலை திரும்பி வந்த அன்றைக்கு எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. இந்த மேடையில் நின்று பேசுவதற்கு அதுதான் காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெஷின் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் நாள் கணக்கு நமக்குத் தெரியும். அதுதான் நம் கையில் இருக்கிற மெஷின்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் மாறினால், அது அவசரம். பகலில் தூங்குவது, ராத்திரி குழறுவது, ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. சிறுநீரில் கிருமி, நுரையீரலில் சளி, சர்க்கரை குறைவது, உப்புக் குறைவது, உடம்பில் தண்ணீர் வற்றுவது, நாலைந்து நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். வயசானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும். சில வாரம் முன்பு கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் கட்டாயம் சொல்லணும். மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கசிந்து கட்டியிருக்கலாம்.

திடீர் திடீரென்று வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி பேசினால், அது கை கால் இழுக்காத வலிப்பாக இருக்கலாம். இதைப் பிடிக்க ஈ.ஈ.ஜி ரொம்ப உதவும். மருந்தும் இருக்கிறது.

மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடினால், அது மறதி நோயாக இருக்கலாம். அதில் அலை மெதுவாகக் குறைந்துகொண்டு வரும். ஆனால் ஈ.ஈ.ஜியை மட்டும் வைத்து அல்சைமர் என்று முடிவு செய்ய மாட்டார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஞாபகசக்தி சோதனை எல்லாம் பார்ப்பார்கள். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு என்றால் அதற்கு மருந்து உண்டு.

தாத்தா போன பிறகு ஆயா பேசுவதே இல்லை, சாப்பிடுவதில்லை, எதுவும் ஞாபகம் இல்லை என்கிறார் என்றால், அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். இவர்களுக்குப் பெரும்பாலும் அலை நன்றாகவே இருக்கும். இதுவும் குணமாகக்கூடியதுதான்.

நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்குச் சற்று மேல் மறதி நோய் இருக்கிறது என்று 2023ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வயது ஏற ஏற இந்தக் கணக்கு கூடும். ஆனாலும் 100ல் 92 பேருக்கு மேல் அந்த நோய் இல்லை என்பதையும் பாருங்க. அப்புறம் எப்படி எல்லாவற்றையும் வயசின் மேல் போடுவது?

ராத்திரித் தூக்கம்

"எங்க மாமியார் மூணு மணிக்கே எழுந்து பாத்திரத்த உருட்டுறாங்க" என்று சண்டை போடாத வீடு இருக்கிறதா? ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் பெரிய, மெதுவான அலைகள் வரும். சின்ன வயதில் அது ஏராளம். வயதானால் குறைந்துவிடும். அதனால்தான் அவர்கள் தூக்கம் லேசாக இருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. வேண்டுமென்றே செய்வதில்லை. இதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. பெரியவர்களுக்கு அதுவே குழப்பத்தையும் கீழே விழுவதையும் கொண்டுவரும். காலையில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் உட்கார வையுங்க. பகல் தூக்கத்தைக் குறையுங்க. சாயங்காலம் டீயை நிறுத்துங்க.

நம் கையில் இருப்பது

2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான 14 காரணங்களைச் சரி செய்தால் ஏறக்குறைய 100க்கு 45ஐத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, காது மந்தம், பார்வைக் குறைவு, தலையில் அடி, யாரோடும் பேசாமல் தனித்திருப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சின்ன வயதில் படிப்பு கிடைக்காததும் இருக்கிறது. காற்று மாசும் இருக்கிறது. நம் மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் மிக மோசமாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். நல்ல காற்று கேட்பது மூச்சுக்காக மட்டுமில்லை, மூளைக்காகவும்தான்.

படிப்பு கிடைக்காததற்கு நாம் என்ன செய்வது என்று உட்காராதீங்க. கைநாட்டு வைத்த எத்தனை பேர் குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றோம்? பாஸ் புத்தகம் பார்க்கிறோம், கணக்கு எழுதுகிறோம், பேங்க்குக்குத் தனியாகப் போகிறோம். புதிதாகக் கற்பதும் நாலு பேரோடு பழகுவதும் எந்த வயதிலும் மூளைக்கு நல்லது. வீட்டு ஆயாவையும் குழுக் கூட்டத்துக்குக் கூட்டி வந்து உட்கார வையுங்க.

ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியவை:

1. குழுவில் யார் வீட்டில் 80 வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்க.

2. அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு வைத்து, டாக்டரிடம் போகும்போது பையோடு கொண்டுபோங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற தன்னார்வலர் சகோதரியிடம் பெரியவரின் மாற்றத்தைச் சொல்லுங்க.

3. திடீர்க் குழப்பம் என்றால் எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கியது என்று எழுதி வையுங்க. டாக்டர் "வயசு" என்று சொன்னால், "போன வாரம் நல்லா இருந்தாங்க, ரத்தமும் சிறுநீரும் பாருங்க" என்று பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்க.

4. நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு 1978லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் வந்தது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

5. இப்படிப்பட்ட அவசரத்துக்கு உள்கடன் கேட்டால் அடுத்த கூட்டம் வரை காக்க வைக்காதீங்க. எனக்கு அன்றைக்கே கொடுத்ததால்தான் மாமியார் பிழைத்தார்.

ஒரு கேள்வி

பேசி முடித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர், "கடைசிக் காலத்துல கண்ண மூடிக் கெடக்கறவங்களுக்கு நாம பேசறது கேக்குமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி அக்கா. கனடாவில் வான்கூவர் நகரத்தில், மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் இதைச் சோதித்து 2020ல் வெளியிட்டார்கள். கூப்பிட்டால் அசைவே இல்லாமல், சில மணி நேரத்தில் உயிர் போகிற நிலையில் இருந்தவர்களின் காதில் ஒரே மாதிரி ஒலியை வைத்து, நடுவில் ஒலியை மாற்றினார்கள். சிலருடைய மூளை அலை அந்த மாற்றத்தைக் கவனித்தது. பேச்சு புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் காது அடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று கம்மல் யாருக்கு, வீடு யாருக்கு என்று பேசாதீங்க. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்க. "நான் இங்கதான் இருக்கேன் ஆயா" என்று சொல்லுங்க. என் ஆயாவுக்கு அந்த ஜன்னலுக்கு இந்தப்பக்கத்திலிருந்து அதை யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்க.

கை தூக்கின அந்த ஆறு பேரும் இந்த வாரமே ஆயாவைக் கூட்டிக்கொண்டு போங்க. அடுத்த மாதக் கூட்டத்தில் வந்து என்ன ஆச்சு என்று எல்லாருக்கும் சொல்லணும். நானும் வருகிறேன்.